பந்தோபஸ்து முடிந்த இரவு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. அமெரிக்காவில் மெம்பிஸ் ஊர்ப் பூங்காவில் நீ எடுத்தனுப்பிய பலகைப் படம் கிடைத்தது. அம்மா பலகையைப் பார்க்கவே இல்லை, நீ இளைத்துவிட்டாய் என்பதுதான் அவள் கவலை. நான் பெரிதாக்கிப் படித்தேன். வெயில் பட்டுக் கடைசி இரண்டு வரி தெரியவில்லை.

2016-இல் வைத்த பலகையாமே. அந்த ஊரில் வெள்ளையர் கூட்டம் கறுப்பர்களைக் கொன்றதைப் 'படுகொலை' என்று போட்டிருக்கிறார்கள். அதுவரை பெரும்பாலும் 'கலவரம்' என்றுதான் எழுதிவந்தார்கள். ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவனுக்கு அந்தச் சொல்லின் வேலை தெரியும். கலவரம் என்று எழுதிவிட்டால் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே எப்.ஐ.ஆரில் சமமாக உட்கார்ந்துவிடுவார்கள். பிரேதக் கணக்கைப் பார்: கறுப்பர்கள் 46, வெள்ளையர்கள் 2.

அது 1866 மே மாதம். அடிமைத்தனம் ஒழிந்து முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 30 அன்றுதான் அங்கிருந்த கறுப்பினப் படைப்பிரிவைக் கலைத்தார்கள். ராணுவத் துப்பாக்கி கையை விட்டுப் போயிற்று, சம்பள பாக்கி இன்னும் வரவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளில் 91 வீடு, 12 பள்ளிக்கூடம், 4 தேவாலயம் சாம்பல். கூட்டத்தோடு சேர்ந்து சுட்டது ஊர்ப் போலீஸே. காக்கி போட்டவனுக்குப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது. ராணுவத் தளபதி முதலில் கையை விரித்தார், மூன்றாம் நாள்தான் ராணுவச் சட்டம் போட்டார். ஒருவர்மீதும் வழக்கில்லை.

காப்பாற்ற முடியாமல் இல்லை. 1871-இல் ஜனாதிபதி கிராண்ட், தென் கரோலினா மாநிலத்தில் 9 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆட்கொணர்வு உரிமையை, அதாவது பிடித்தவனைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உரிமையை, நிறுத்திவைத்து, பட்டாளத்தை விட்டு, கறுப்பர்களைத் தாக்கிவந்த 'கு கிளக்ஸ் கிளான்' என்ற வெள்ளையர் ரகசியக் கும்பல்காரர்களை நூற்றுக்கணக்கில் பிடித்தார். வாலைச் சுருட்டிக்கொண்டார்கள். சரி, எத்தனை நாள்? 1877-இல் தென் மாநிலச் சட்டசபை வாசலில் நின்ற கடைசிப் படையையும் முகாமுக்குத் திருப்பிவிட்டார்கள்.

நீ நாலாவது படிக்கும்போது, சாதித் தகராறு நடந்த ஒரு கிராமத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? காலனி முனையில் வேனை நிறுத்தி, பதினேழு நாள் அதிலேயே படுத்தோம். கிளம்பும்போது ஒரு கிழவி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரிக்கு யாருய்யா வருவீங்க?"

"வருவாங்க ஆத்தா" என்றேன். யாருக்கும் டூட்டி போடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா