எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் கிருமி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் என் மாமியாருக்கு விடாத இருமல், காய்ச்சல். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், “படம் சுத்தமாக இருக்கிறது, பிறகென்ன?” என்று பேரப்பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் இன்ஃபுளுவென்சா, அதாவது ஃபுளூ என்று வந்தது. அதற்குள் சின்னவனுக்கும் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

இங்கே சிங்கப்பூரில் தேக்கா காப்பிக்கடையில் பேசினால் பலரும் இதே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். படம் காட்டுவது நுரையீரலுக்கு நேர்ந்த சேதத்தை; எந்தக் கிருமி என்பதை அல்ல. சிடி ஸ்கேனில் பனிமூட்டம் போலத் தெரியும் நிழல் கொவிட்டிலும் வரும், ஃபுளூவிலும் வரும். கிருமியின் மரபணுவைத் தேடுவது பிசிஆர் சோதனை. அதுவும் தவறலாம். மாதிரியைச் சரியாக எடுக்காவிட்டாலோ, கிருமி மூக்கைவிட்டு நுரையீரலுக்குள் இறங்கியிருந்தாலோ ‘இல்லை’ என்று வரும்.

2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபே மாநிலத்தில், ஆய்வக முடிவு வராதபோதும் ஸ்கேன் படத்தை வைத்து நோயாளிகளைக் கொவிட் கணக்கில் சேர்த்தார்கள். ஒரே நாளில் 14,840 பேர் கூடினர்! நெருக்கடியில் அது சரி. சாதாரண நாளில், மூச்சுத் திணறல் இல்லாதவருக்கு ஸ்கேன் எதற்கு? கதிர்வீச்சுதான் மிச்சம்.

பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) இந்த வேறுபாட்டைத் தமிழிலும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், மாமியாரிடம் நான் வாதாட வேண்டியிருக்காது.

வாசகி, ஈசூன்