பூண்டும் தீப்பெட்டியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "படிக்கும்போது உங்களுக்குள்ளே குரல் கேட்குமா அப்பா?" என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். இதற்கெல்லாம் கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்ல முடியாது என்று தாளை எடுத்துவிட்டேன்.

குரல் இல்லை. பிறவியிலேயே கேட்காதவனுக்கு அது எங்கிருந்து வரும்? அதற்காக உள்ளே வெறுமையாகவும் இல்லை. எங்காவது உன் பெயரைப் படித்தால் கன்னக்குழியில் ஒரு விரல் வந்து தொடும். உன்னைச் சைகையில் கூப்பிட நாங்கள் வைத்த கைப்பெயர் அதுதானே. சில சமயம் விரல் நிஜமாகவே லேசாக அசையும்.

பூண்டு கதை ஞாபகம் இருக்கிறதா? அம்மா வாங்க வேண்டியதைக் கையால் வரிசையாகச் சொன்னாள். நான் பூண்டுக்குப் பதில் தீப்பெட்டி வாங்கி வந்தேன். நம் வீட்டுச் சைகையில் இரண்டுக்கும் இடது கை மூடியிருக்கும், வலது கை விரல் அதன் மேல் உரசும். உரிக்கிறோமா, கிழிக்கிறோமா என்பதுதான் வித்தியாசம். காது கேட்கிறவர் தப்பினால் பூண்டுக்குப் பூட்டு வாங்கி வருவார். நான் தீப்பெட்டி.

1975-ல் அமெரிக்காவில் சைகை மொழி ஆய்வாளர் உர்சுலா பெலூகியும் அவருடன் இருந்தவர்களும் காது கேளாத மாணவர்களுக்குச் சைகைகளை வரிசையாகக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். தேர்தல் 'ஓட்டு' வர வேண்டிய இடத்தில் 'டீ' வந்தது. அவர்கள் சைகையில் இரண்டுக்கும் கை வடிவமும் இடமும் ஒன்று, அசைவு மட்டும் வேறு. இதை அம்மாவிடம் காட்டிய பிறகுதான் தீப்பெட்டிக்கு எனக்கு மன்னிப்பு கிடைத்தது.

நீ கேட்டது படிப்பதைப் பற்றி. அதற்கும் ஒன்று உண்டு. 2011-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் திரையில் இரண்டிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, பொருளில் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். சினிமா, காகிதம். தொடர்பில்லை. ஆனால் அவர்கள் சைகையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அப்படிப்பட்ட ஜோடிகளுக்கு 'இல்லை' என்று சொல்ல, சைகை மொழிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. திரையில் யாருடைய கையும் இல்லை, வெறும் எழுத்துதான். என் கன்னக்குழி விரல் மாதிரி அங்கேயும் கை வந்து நின்றிருக்கிறது.

அச்சகத்தில் நான் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தது உனக்குத் தெரியும். அங்கே நடந்த வேடிக்கையைச் சொன்னதில்லை. காது கேட்கிற பையன்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுத்துக் கோப்பார்கள். 'பள்ளி' 'பல்லி' ஆகும், 'மனம்' 'மணம்' ஆகும். பிழை பார்க்க எடுக்கும் என் புரூப்பில் ல, ள, ழ தகராறு வந்ததே இல்லை. எனக்கு அவை மூன்று உருவம், எழுத்துகள் வைக்கும் கேஸில் மூன்று தனித்தனி அறை. மயங்க என்ன இருக்கிறது? (நீ இப்போதும் 'வேளை'க்குப் போவதாக எழுதுகிறாய். கவனி.)

என் வழுக்கல் வேறு இடத்தில். 'அம்மா பூனை விரட்டினாள்' என்று எழுதுவேன். சைகையில் கை யாரிடமிருந்து யாரை நோக்கிப் போகிறதோ அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். தமிழ் அதை வார்த்தையின் வாலில் ஒரு சின்ன 'ஐ'யாக ஒட்டி வைத்திருக்கிறது. பள்ளியில் வாயைப் பார், வாயைப் பார் என்றே வருஷங்கள் போயின. சைகை செய்தால் விரல் முட்டியில் அடி. அந்த 'ஐ' உருபு என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அச்சகத்தில்தான் பிடிபட்டது. 'யை', 'யை' என்று நாள் முழுக்க எடுத்து, வரி கோக்கும் ஸ்டிக்கில் வைத்து வைத்து, ஒருநாள் அது விடுபட்ட வரி எனக்குப் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. இலக்கணம் எனக்கு ஈயத்தின் வழியாக வந்தது என்று வைத்துக்கொள்.

அப்புறம், வீடியோவில் வரும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. போன ஞாயிறு உன் கை முழுக்கக் கறுப்பு நிழல். நீ ஏதோ வாங்கி அனுப்பச் சொன்னாய். அம்மா பூண்டு என்கிறாள், நான் தீப்பெட்டி என்கிறேன்.

அன்புடன்,
அப்பா