பள்ளித் திட்டம் எழுதும் தோழிக்கு

வளைகுடாப் பகுதி, கலிஃபோர்னியா
6 ஜூலை 2025

அன்புள்ள தோழிக்கு,

இங்கே நாங்கள் அனைவரும் நலம். அங்கே உன் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு உன்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. விடுதியில் மெஸ் கணக்கை நீ பார்த்துக்கொண்ட காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது; ஊரார் தகுந்த ஆளிடம்தான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் வேலை உங்கள் குழுவுக்கு வந்திருப்பதாகவும், நான் இங்கே பெற்றோர் ஆலோசனைக் குழுவில் இருப்பதால் இங்குள்ளவர்கள் இத்தகைய திட்டத்தை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று விரிவாக எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். எங்கள் பள்ளி வாரியம் இந்த ஆண்டுத் திட்டத்தை ஜூன் மாதக் கூட்டத்தில்தான் நிறைவேற்றியது. எல்லாம் மனத்தில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டத்தைப் போன்றதன்று. ஓர் ஊரின் பள்ளிகளையோ அக்கம்பக்கத்துச் சில ஊர்களின் பள்ளிகளையோ நிர்வகிக்கும் தனி அமைப்பு அது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 900-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. மாவட்டத்தை நடத்தும் வாரியத்தின் உறுப்பினர்களை மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் வாரியத்தில் ஐந்து பேர். அவர்கள் சூப்பரின்டென்டென்ட் என்ற தலைமை அலுவலரை நியமித்து, இலக்குகளை வகுத்து, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறார்கள்.

பணம் வரும் வழியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1978-இல் மக்கள் வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கொண்டுவந்த பிறகு, பள்ளிகளுக்கான நிதி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மாநில அரசே முடிவு செய்யும் நிலை ஏற்பட்டது. நெடுங்காலம் அந்தப் பணம் ‘இதற்கு மட்டும், அதற்கு மட்டும்’ என்று தலைப்புவாரியாகக் கட்டுப்பாடுகளோடு வந்துகொண்டிருந்தது. 2013-இல் வந்த சட்டம் இதை மாற்றியது. ஒவ்வொரு மாணவருக்கும் அடிப்படைத் தொகை ஒன்று உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், பெற்றோரைப் பிரிந்து அரசின் ஏற்பாட்டில் வளர்ப்புக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு அதன்மேல் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பிள்ளை இந்த மூன்று வகையிலும் வந்தாலும் ஒருமுறைதான் கணக்கு. இத்தகைய பிள்ளைகள் 55 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் மாவட்டங்களுக்கு அந்த வரம்புக்கு மேற்பட்ட எண்ணிக்கைக்காக இன்னும் அதிகம் தருகிறார்கள். இதற்கு ஈடாக மாவட்டம் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை எழுதி, ஆண்டுதோறும் புதுப்பித்து, ஜூலை 1-க்குள் நிறைவேற்றியாக வேண்டும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து (LCAP) எல்காப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இப்போது நடப்பது 2024–27 சுற்று. ஆசிரியர்களும் கட்டடங்களும் தொடங்கி, பெற்றோர் பங்கேற்பு, மாணவர் வருகை, பள்ளிச் சூழல் வரை எட்டு முன்னுரிமைகளை மாநிலம் குறித்திருக்கிறது. அவற்றுக்கான இலக்கு, அந்த இலக்குக்கான செயல், அந்தச் செயலுக்கான தொகை, எட்டினோமா என்று அளக்கும் அளவுகோல் ஆகிய அனைத்தும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும்.

ஆவணம் மிகப் பெரியது, படிக்கக் கடினமானது, அதை எளிமையாக்க வேண்டும் என்ற குறை எல்லாத் தரப்பிலிருந்தும் எழுகிறது. எனக்கும் அதே கருத்துதான். ஆனாலும் இலக்கும் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற அந்த ஒரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ‘அனைத்து மாணவர்களும் மேன்மையடைய வேண்டும்’ என்று எழுதுவது யாருக்கும் எளிது. அதன் பக்கத்தில் எவ்வளவு பணம், யார் பொறுப்பு என்று எழுதும்போதுதான் நிர்வாகம் உண்மையில் எதை விரும்புகிறது என்பது தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள், வராத பிள்ளையை ‘தொடர்ந்து வராதவர்’ பட்டியலில் இங்கே சேர்க்கிறார்கள். கொரோனாவுக்கு முன் மாநில அளவில் 12 விழுக்காடாக இருந்த இந்தப் பட்டியல், 2021–22-இல் 30 விழுக்காடாக உயர்ந்தது. அதன்பின் குறைந்து வந்தாலும் பழைய நிலைக்கு இன்னும் இறங்கவில்லை. வருகையின் சராசரியைக் கொண்டுதான் மாநிலம் பணம் தருகிறது என்பதால் வராத ஒவ்வொரு நாளும் பள்ளிக்கு நட்டம். எனவே எங்கள் மாவட்டத் திட்டத்திலும் வருகையை உயர்த்துவது ஓர் இலக்காக இருந்தது. வரைவில் அதற்கான செயல் என்று எழுதியிருந்தது, பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கடிதங்கள் அனுப்புவதும் ஒரு மென்பொருள் வாங்குவதும்.

ஆலோசனைக் குழுவில் ஒரு தாய், குவாத்தமாலாவிலிருந்து வந்தவர், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுபவர், ‘எந்தப் பிள்ளைகள் வரவில்லை, அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?’ என்று கேட்டார். அலுவலர்களிடம் அந்தத் தகவல் இருந்தது, ஆனால் அப்படிப் பிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியலில் இருந்தவர்களில் பலர், ஆறு தடங்கள் கொண்ட பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள். பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளிப் பேருந்து கிடையாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பேருந்து விட வேண்டும் என்ற கட்டாயம் இந்த மாநிலத்தில் இல்லை. மழை பெய்யும் நாளில் ஏழு வயதுப் பிள்ளையை அந்தச் சாலையைத் தனியே கடக்கவிட யாருக்கு மனம் வரும்? எத்தனை கடிதம் போட்டாலும் அந்தப் பிள்ளை வர முடியாது. குழு இதை எழுத்தில் கொடுத்தது. கடிதத்துக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி, சாலையில் நின்று பிள்ளைகள் கடக்க உதவும் காவலருக்கும், குடியிருப்பு வாசலிலிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக நடத்தி அழைத்துவரும் ஒருவருக்கும் மாறியது.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இது நடந்த இடமும் காலமும். ஒரு பள்ளி நூலகத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், மார்ச் மாதத்தில் இது நடந்தது. ஜூன் மாதத்தில் வாரியம் கூட்டும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குத்தான் பலரும் வருகிறார்கள். வருபவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும்; மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசினால் வாரியம் அதை விவாதிக்கக் கூடாது என்று 1953-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் நல்ல சட்டம். வழக்கமான கூட்டங்களுக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே நிரலை ஊரறிய ஒட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் அதுவே. ஆனால் ஜூனில் பேசுபவர், எல்லாப் பணமும் பங்கிடப்பட்ட பிறகு பேசுகிறார். கேட்பு ஒரு கூட்டத்திலும் நிறைவேற்றம் இன்னொரு கூட்டத்திலும் நடக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் நடுவே ஒரு வரி மாறினால் அதுவே பெரிது.

பெற்றோர் ஆலோசனைக் குழு எழுத்தில் கொடுக்கும் கருத்துகளுக்குச் சூப்பரின்டென்டென்ட் எழுத்தில்தான் பதில் தர வேண்டும் என்பதும் சட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறிய விதியாகத் தோன்றலாம். என் கண்ணில் மொத்தச் சட்டத்திலும் பெற்றோருக்குக் கிடைத்த வலுவான ஆயுதம் இதுதான், ஏனென்றால் ‘முடியாது’ என்று எழுதித் தரும் அலுவலர் ஏன் முடியாது என்பதையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தை அடுத்த ஆண்டு எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே தமிழ்ப் பெற்றோரில் பலர் வேலை விசாவிலோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டையிலோ இருப்பதால் எங்கள் வாரியத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அதனால் இது நம் வேலையில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆலோசனைக் குழுவில் இருக்கக் குடியுரிமை தேவையில்லை, பிள்ளை அங்கே படித்தால் போதும். ஊருக்குப் போகும் பயணமும் நான் மேலே சொன்ன வருகைக் கணக்கில் சேர்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்துக் கொண்டாடிவிட்டு வரும் குடும்பத்துப் பிள்ளை, அதன்பின் இரண்டு முறை காய்ச்சலில் படுத்தால் அந்த 18 நாளை எளிதில் தொட்டுவிடும். முன்கூட்டியே சொல்லி, வீட்டிலிருந்து படிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இன்னொன்று என்னை வருத்துகிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவத்தில் கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்பதற்காக ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. ஒரு பள்ளியில் 15 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஆங்கிலமல்லாத ஒரு மொழி பேசினால், பெற்றோருக்கான அறிவிப்புகள் அந்த மொழியிலும் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தமிழ் அந்த அளவை எட்டாத பள்ளிகளே பெரும்பாலானவை என்பது உண்மைதான். ஆனால் எழுதாத மொழி எந்தக் கணக்கிலும் வராது. பள்ளி இறுதிச் சான்றிதழில் இருமொழித் தேர்ச்சி முத்திரை வழங்க 2011-இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அதில் தமிழுக்கு உரிய இடத்தை மாவட்டத்திடம் கேட்கப் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற முதல் கேள்விக்கே சரியான விடை இருப்பதில்லை.

சமூகத் திட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2021-இலிருந்து மாநிலம் இரண்டு பெரிய ஏற்பாடுகளுக்குப் பணம் தருகிறது. ஒன்று, பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளுக்கு ஒன்பது மணி நேரம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பும் விளையாட்டும் பாதுகாப்பும் தருவது. மற்றொன்று, மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, பெற்றோருக்கான வகுப்புகள் ஆகியவற்றைப் பள்ளி வளாகத்துக்கே கொண்டுவரும் ‘சமூகப் பள்ளி’ முறை. முதலாவதைப் பார்க்கும்போது நம்மூரில் அதே 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி நினைவுக்கு வரும். உணவு விஷயத்தில் இன்னும் வியப்பான பொருத்தம் ஒன்று உண்டு. வருமானம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் இலவச உணவு தரும் முதல் அமெரிக்க மாநிலமாகக் கலிஃபோர்னியா 2022–23 கல்வியாண்டில் மாறியது. அதே 2022 செப்டம்பரில்தான் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. மதிய உணவில் நாம் எவ்வளவு முன்னே இருந்தோம் என்பதைக் காமராசர் காலத்திலிருந்து தொடங்கி நான் இங்கே கூட்டங்களில் பெருமையோடு சொல்வதுண்டு.

இத்தகைய திட்டங்களில் நீ கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் ஆண்டுதோறும் வருவதா, ஒருமுறை மட்டும் வருவதா என்பதை. கொரோனா நிவாரணமாக அமெரிக்க ஒன்றிய அரசு தந்த பணத்துக்கான காலக்கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. அதை நம்பி நியமித்த ஆலோசகர்களை இங்கே பல மாவட்டங்கள் இழந்தன. பிள்ளைகள் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசப் பழகிய நேரத்தில் அவரை அனுப்பிவிடுவது, அவரை நியமிக்காமலே இருந்திருப்பதைவிடக் கொடியது என்று நான் நினைக்கிறேன்.

இனி உன் குழுவுக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே வாரியத்தில் ஒரு பெற்றோர்கூட இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் வாரியத்துக்கு ஆசிரியரை நியமிக்கவும் பணத்தைப் பங்கிடவும் அதிகாரம் உண்டு, உங்களுக்கு அது இல்லை. ஆனால் எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பது வரைபடம் இல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஆகையால் வண்ணம் பூசுவது, சுற்றுச்சுவர் கட்டுவது என்று தொடங்கும் வழக்கமான பட்டியலை முதலில் எழுதாதே. வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதிகம் விடுபட்ட பிள்ளைகளின் வீட்டாரைக் கூட்டத்துக்கு அழைத்துக் கேள். அவர்கள் சொல்லும் காரணங்களுக்கு நேரே செயலையும், பொறுப்பானவர் பெயரையும், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுது. சுற்றுச்சுவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தானாகவே பட்டியலில் வந்து சேரும், இவை வரா. கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் பதிவேட்டில் தேதியோடு ஏற்றிவிடு. தலைமை ஆசிரியர் உன் பக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அவருக்கும் அந்தப் பதிவு மேலிடத்தில் பேசும்போது துணையாக இருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இன்னும் ஆறு வாரம்கூட இல்லை. கட்டடம், குடிநீர், கழிப்பறை போல ஊராட்சி செய்ய வேண்டியவற்றை மட்டும் பிரித்து, அங்கே வாசிக்க ஒரு பக்கத்தில் தனியாகத் தயாரித்து வைத்துக்கொள்.

வரைவு எந்த நிலையில் இருந்தாலும் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஓரங்களில் என் கேள்விகளை எழுதி அந்த வாரத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகளுக்கு என் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் தோழி