இரண்டு மாதம், நான்கு மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் கப்பல் வேலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் படிப்புக்கு என்ன பயிற்சி, எவ்வளவு சம்பளம், எத்தனை நாடுகளைப் பார்க்கலாம் என்று எல்லாம் இருந்தது. கப்பல் முதலாளி நடுவழியில் கைவிட்டால் பையன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் தண்டையார்பேட்டையில் பிறந்து, துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ச்மேனாக (சரக்கு தூக்கும் இயந்திரத்தை இயக்குபவனாக) இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஒரு வரி தெரியாமல் போனதால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தங்கை மகன் ஒரு பழைய சரக்குக் கப்பலில் டெக் ஊழியனாக ஏறினான். ஏற்றிவிட்ட ஏஜென்ட் இரண்டரை லட்சம் வாங்கினார். தங்கையின் நான்கு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. மூன்று மாதம் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு நின்றது. கப்பலோ வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபடி அசையாமல் நின்றது. ஏஜென்ட்டிடம் போனால், "சரக்குப் பணம் வந்ததும் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள், பொறுமையாக இருங்கள்" என்பார். நாங்களும் பதினொரு மாதம் பொறுமையாக இருந்தோம்.

டீசல் தீர்ந்துகொண்டே வந்ததால் மாலையில் ஒரு மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். அதற்குள் சமைக்க வேண்டும், செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும். ஒருநாள் வீடியோவில் பேசும்போது அவன் கையில் ஒரு பாட்டில் இருந்தது. "டீயாவது கிடைக்கிறதே, அதுவரைக்கும் நிம்மதி" என்றாள் என் தங்கை. அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இது டீ இல்லை. குடிக்கிற தண்ணீர்" என்றான். துருப்பிடித்த தொட்டியின் அடித்தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு அவள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இறங்கி வந்துவிட வேண்டியதுதானே என்று பலர் கேட்டார்கள். ஆளில்லாத கப்பல் ஆபத்து என்பதால், மாற்று ஆள் ஏறாமல் மாலுமிகளை இறங்கவிடத் துறைமுக அதிகாரிகள் சம்மதிப்பதில்லை. கரையில் கால் வைக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும். விட்டுவிட்டு வந்தால் சம்பளப் பாக்கி போய்விடுமோ என்ற பயம் வேறு. கப்பலில் பறப்பது ஒரு நாட்டுக் கொடி, முதலாளி இருப்பது வேறொரு நாடு. யார் சட்டையைப் பிடிப்பது?

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர் ஒருவர்தான் கண்ணைத் திறந்தார். கதையைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் நின்ற மூன்றாம் மாதமே ஏன் புகார் கொடுக்கவில்லை?"

2006-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதில் கொண்டுவந்த திருத்தம் 2017 ஜனவரி 18 முதல் நடைமுறையில் உள்ளது. முதலாளி தொடர்பைத் துண்டித்து, குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலே அந்த மாலுமி சட்டப்படி கைவிடப்பட்டவன். சோறு தண்ணீர் தராமல் விட்டாலும், ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்காவிட்டாலும் அப்படியே. அந்த நிலை வந்தால் உணவு, குடிநீர், உயிர் பிழைக்கத் தேவையான எரிபொருள், மருத்துவம், ஊர் திரும்பும் செலவு எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் காப்பீடு கப்பலுக்கு இருக்க வேண்டும். சம்பளப் பாக்கியும் கிடைக்கும். ஆனால் அதிகபட்சம் நான்கு மாதத்துக்குத்தான்.

எங்கள் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். ஏஜென்ட் சொன்ன பொறுமையில் நாங்கள் இழந்தது ஏழு மாதச் சம்பளம். அதைப் பெற இனி கப்பலை ஏலம் விட வைத்து, வழக்காடித்தான் வாங்க வேண்டும்.

காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் விதி. ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில், அவன் தினமும் தட்டோடு உட்காரும் இடத்துக்கு எதிரே! பொடி எழுத்து ஆங்கிலம். அது என்ன காகிதம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அதிலிருந்த தொலைபேசி எண்ணுக்குத் தகவல் போனபின் ஆறு வாரத்தில் வீடு வந்து சேர்ந்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். நாடுவாரியாகப் பார்த்தால் அதிகம் பேர் நம்மவர்கள், 899 பேர்.

நம் கரையிலேயே பார்த்திருக்கிறோம். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பெசன்ட் நகரில் தரைதட்டிய பிரதிபா காவேரி கப்பலை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. உயிர்காக்கும் படகு கவிழ்ந்து இறந்த ஆறு பேரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, சாப்பாடும் எரிபொருளும் போதவில்லை என்று பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்ததும் மணலியில் கிடந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட்டை நினைத்து வடசென்னையே தூக்கமில்லாமல் தவித்தது. பெய்ரூட்டில் வெடித்த அமோனியம் நைட்ரேட்டும் முதலாளி கைவிட்ட ஒரு கப்பலில் வந்ததுதான். அந்தக் கப்பலின் கேப்டனும் மூன்று மாலுமிகளும் மாதக்கணக்கில் அதிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த நால்வரைப் பற்றி அப்போது இங்கே யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இன்று கப்பலுக்குக் காத்திருக்கும் பையன்கள் ஏராளம். வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் ஏஜென்ட் காசு வாங்கவே கூடாது என்பது சட்டம். லட்சக்கணக்கில் கேட்கிறவரை அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும். ஏஜென்ட்டுக்கு மத்தியக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் (மாலுமிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் அனுமதி) இருக்கிறதா, கப்பலை அடையாளம் காட்டும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் என்ன, எந்த நாட்டுக் கொடி, காப்பீடு யாரிடம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். எங்களுக்கு இவையெல்லாம் பதினான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தன.

அரசிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு ஏஜென்ட் அலுவலக வாசலிலும், ஒவ்வொரு பயிற்சி நிலையத்திலும் இந்த விதிகளைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கக் கட்டாயப்படுத்துங்கள். புகார் கொடுக்க வரும் தாய்மார்களிடம் தமிழில் பேசி எழுதி வாங்க வடசென்னையில் ஒருவரை உட்கார வையுங்கள். பிள்ளை கப்பலில் சிக்கியிருக்கும்போது மும்பையில் உள்ள இயக்குநரகத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பு என்றால் என் தங்கையைப் போன்றவர்கள் எங்கே போவார்கள்?

உங்களிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த முறை கப்பல் வேலை பற்றி எழுதும்போது சம்பளப் பட்டியலுக்குக் கீழே கட்டம் போட்டு இதையும் அச்சிடுங்கள்: இரண்டு மாதச் சம்பளம் நின்றால் உடனே புகார் கொடுங்கள், காப்பீடு தருவது நான்கு மாதப் பாக்கி மட்டுமே. அந்தப் பக்கத்தை நகலெடுத்து எங்கள் பகுதித் தேநீர்க் கடைகளில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை.