வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: அனிக் பயணமும் பசை வாங்கிய செலவும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அறிக்கையைச் சுருக்கமாகப் படிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற ஆண்டு நான் படித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசை முழுவதும் எழுந்து வடை எடுக்கப் போய்விட்டதை நானும் கவனித்தேன். எனவே வழக்கமான விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நின்று பேசப் போகிறேன். அதற்குள் வடை ஆறினால் மன்னிக்கவும்.

மாதக் கூட்டங்கள் 10 நடந்தன. பிப்ரவரியில் பனி கொட்டியதால் கூட்டம் இல்லை. ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். மண்டப வாடகை உயர்ந்திருக்கிறது. பொருளாளர் கணக்கைத் தனியாகப் படிப்பார். அதில் 'பஸ் வாடகை' என்று ஒரு வரியும் 'பசை, நூல், அட்டை' என்று இன்னொரு வரியும் வரும். வாசகர் வட்டத்துக்கு எதற்குப் பசை என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், வட இங்கிலாந்தில் நாம் வாழும் நியூகாசிலிலிருந்து வடக்கே அனிக் நகருக்குப் போய்வந்தோம். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஆல்ன்விக்' என்று வரும். அப்படிச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் அடிபட்ட எல்லைச் சீமை அது. ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் மால்கம் 1093 இல் அங்கேதான் கொல்லப்பட்டார். இன்னொரு ஸ்காட்லாந்து மன்னர் வில்லியம் 1174 இல் அங்கேதான் பிடிபட்டார். பிள்ளைகள் கோட்டையைப் பார்த்தால் போதும் என்றார்கள். திரைப்படத்தில் வந்த கோட்டை என்பதால் அவர்கள் ஆவல் நியாயமானதே. பெரியவர்களை நான் பாண்ட்கேட் தெருவுக்கு இழுத்துப் போனேன்.

வில்லியம் டேவிசன் என்பவர் அந்தத் தெருவில் கடை வைத்திருந்தார். பிறந்தது 1781, இறந்தது 1858. "யார் இந்த டேவிசன்? கம்பரா, பாரதியா? மருந்துக் கடைக்காரருக்காகவா பஸ் பிடித்தோம்?" என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வழியிலேயே கேட்டார். உண்மைதான், அவர் மருந்துக் கடைக்காரர். அதோடு அச்சகக்காரர், புத்தக வியாபாரி, பதிப்பாளர்; கடைசிக் காலத்தில் பத்திரிகை முதலாளியும்கூட. சிறிய ஊரில் ஒரே தொழிலை நம்பினால் அடுப்பு எரியாது. லண்டனில் ஒருவர் தோல் அட்டைக்குத் தங்கப்பூச்சு இடுவதை மட்டுமே செய்து பிழைக்கலாம். எல்லையோரச் சிற்றூரில் அச்சடிப்பது, மடிப்பது, தைப்பது, கட்டுவது, விற்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ்தான்.

மருந்துக்கும் புத்தகத்துக்கும் என்ன உறவு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிது. புட்டிக்கு ஒட்டச் சீட்டு வேண்டும், விளம்பரத்துக்குத் துண்டறிக்கை வேண்டும். அந்தக் காலத்தில் முத்திரையிட்ட மருந்துப் பொட்டலங்களைப் புத்தகக் கடைக்காரர்கள் விற்பது இங்கிலாந்து முழுவதும் இருந்த வழக்கம். புத்தகம் கொண்டுவரும் வண்டியிலேயே மருந்தும் வரும். அதை வாங்க வந்தவர் இதையும் வாங்கிப் போவார்.

டேவிசனுக்குத் தொடக்கத்தில் ஒரு கூட்டாளி இருந்தார். ஜான் கேட்னக் என்று பெயர். நேர்த்தியாக அச்சிடத் தெரிந்தவர், கையில் காசு நிற்காதவர். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகளை இருவரும் சேர்ந்து 1808 இல் படங்களோடு வெளியிட்டார்கள். படங்களைச் செதுக்கிக் கொடுத்தது நம் நியூகாசிலில் இருந்த மரக்கட்டைப் படச் செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூவிக்கின் பட்டறை. அதன்பின் கேட்னக் அனிக்கை விட்டுப் போய்விட்டார். அவர் மகன் ஜேம்ஸ், லண்டன் செவன் டயல்ஸ் பகுதியில் கொலைச் செய்தியும் தூக்குமேடைப் பாட்டும் அச்சடித்துப் பெரும் பணம் பார்த்தார். நம்மூர்க் குஜிலிக் கடைக் கொலைச் சிந்துகளைப் படித்தவர்களுக்கு அந்த வியாபாரத்தை விளக்கத் தேவையில்லை.

டேவிசன் ஊரைவிட்டு நகரவில்லை. அங்கேயே இருந்து பிள்ளைகளுக்கு அரைப்பென்னி விலையில் படப்புத்தகங்கள் போட்டார். ஒரு தாள், சில மடிப்பு, நடுவில் ஒரு தையல், அவ்வளவுதான் புத்தகம். தோல் அட்டை வேண்டும் என்ற பணக்காரர் அச்சடித்த தாளை வாங்கித் தனியாகக் கட்டிக்கொள்வார். அரைப்பென்னிப் புத்தகம் வாங்கிய பிள்ளைக்கு அந்த ஒரு தையல்தான் கட்டமைப்பு. அது அறுந்தால் புத்தகமும் போயிற்று.

இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். பியூவிக்கின் முறையில், 'பாக்ஸ்' என்ற கெட்டியான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் படம் செதுக்குவார்கள். கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றே என்பதால் படமும் எழுத்தும் ஒரே அழுத்தில் அச்சாகிவிடும். செப்புத் தகட்டுப் படத்துக்கு வேறு பொறி, வேறு கூலி. டேவிசன் இத்தகைய படங்களை உலோகத்தில் வார்த்து மற்ற அச்சகங்களுக்கும் விற்றார். அதற்கென மாதிரிப் புத்தகமே வெளியிட்டார். கப்பல், பசு, பறவை, கிரீடம் என்று வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நம் கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் பிள்ளையாரும் குத்துவிளக்கும் மேளக்காரரும் வரிசையாக ஒட்டிய தடித்த ஆல்பம் ஒன்றை நீட்டுவார்களே, அதேதான்.

அருங்காட்சியகத்தில் பழைய கட்டைப்பட அச்சு ஒன்றைக் கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தோம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பறவை. இறகுக்கு இறகு வெள்ளைக் கோடு. உளி மரத்தைக் கிள்ளி எடுத்த இடம் வெள்ளையாகவும் விட்டுவைத்த இடம் கறுப்பாகவும் நிற்கிறது. வழியில் கேள்வி கேட்ட அதே மூத்த உறுப்பினர் அங்கிருந்து நகர மறுத்துவிட்டார். அவரை அழைத்துவர இருவரை அனுப்ப வேண்டியிருந்தது. இதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கக் கூடாது என்றார். ஆண்டறிக்கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

டேவிசன் 1854 இல், தம் எழுபதுகளில், 'அனிக் மெர்க்குரி' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். செய்தித்தாளுக்கு முத்திரை வரி இருந்த காலம் அது. அடுத்த ஆண்டுதான் அந்த வரி ஒழிந்தது. மாதம் ஒருமுறை வருவதற்கு அந்த வரி கிடையாது. அதனால்தான் மாத இதழாகத் தொடங்கினார் என்பது என் ஊகம். கடைக்காரர் மூளை அப்படித்தானே வேலை செய்யும்?

மாலையில் பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் பழைய புத்தகக் கடைக்குப் போனோம். ரயில் 1968 இல் நின்றுபோனது. 1991 முதல் அங்கே புத்தகக் கடை. அலமாரிகளின் தலைக்கு மேல் பொம்மை ரயில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கோட்டையில் அடங்காத பிள்ளைகள் அங்கேதான் அடங்கினார்கள். நாம் திரும்பத் தாமதமானதற்கும் ஓட்டுநருக்குக் கூடுதல் மணிக்கூலி கொடுத்ததற்கும் காரணம் அந்த ரயில். பொருளாளர் குறித்துக்கொள்ளவும்.

இனி பசைக்கு வருகிறேன். திரும்பும்போது பஸ்ஸில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் மாஸ்டர் தம் கைப்பையைத் திறந்து ஒரு பள்ளிப் பாடநூலை எடுத்தார். முதுகு பிளந்து, பக்கங்கள் தனித்தனியாகி, துணியில் சுற்றிவைத்த புத்தகம். "இதைக் கட்ட ஏலுமோ?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாக வீடு மாறும்போதெல்லாம் கூடவே எடுத்து வந்ததாம். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் அக்டோபர், நவம்பர் மாதங்களின் நான்கு ஞாயிறுகள் பயிற்சி வகுப்பு ஆயின.

சொல்லிக் கொடுத்தவர் நம் உறுப்பினர்களில் ஒருவரான அக்கா. அவருடைய தந்தை சிவகாசியில் பைண்டிங் வேலை செய்தவர். தாளைப் பாரமாக, அதாவது சேர்த்துத் தைக்கும் சிறு பக்கக் கட்டாக மடிப்பது, எலும்புத் தகடு இல்லாவிட்டால் கரண்டிக் காம்பால் மடிப்பை அழுத்துவது, குத்தூசியால் துளையிடுவது, நூலுக்கு மெழுகு தேய்ப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஊரில் பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்களாம். இங்கே பிள்ளைகள் கையை வாயில் வைக்கும் கூட்டத்தில் அது வேண்டாம் என்று வெறும் மாவுப் பசையே காய்ச்சினோம். முதல் வாரம் கட்டி தட்டியது. இரண்டாம் வாரம் தண்ணீராய் ஓடியது. மூன்றாம் வாரம் அக்கா யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை.

மொத்தம் 23 புத்தகங்கள் கட்டி முடித்தோம். அவற்றில் ஒன்றில் ஒரு பாரம் தலைகீழாகத் தைக்கப்பட்டுள்ளது. 33ஆம் பக்கம் முதல் 48ஆம் பக்கம் வரை புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். தைத்தவர் செயலாளர். பிரிக்க மனம் வராமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

மாஸ்டரின் புத்தகத்தைத் தொட எல்லோருக்கும் பயம். கடைசி வாரம் அக்காவே கட்டினார். தாள் பொடிந்துபோயிருந்ததால் ஊசி ஏறவில்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் மெல்லிய தாள் துண்டை ஒட்டிக் காயவைத்து, அந்தத் துண்டின் வழியாக ஊசியை நுழைத்தார். ஓரத்தைச் சீவிச் சமப்படுத்தவில்லை. சீவினால் ஓரத்தில் பென்சிலால் எழுதிய சிறுபிள்ளைக் கணக்குகள் போய்விடும் என்று மாஸ்டர் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டு பக்கம் திருப்பினார். மூடினார். துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

வரும் ஆண்டிலும் வகுப்பு தொடர வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. அழுத்துவதற்குச் செங்கல் பயன்படுத்தியதில் மண்டபத் தரையில் கீறல் விழுந்துள்ளது. மண்டப நிர்வாகிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மரத்தில் சிறு அழுத்துப்பொறி ஒன்று செய்து தர உறுப்பினர் ஒருவர் முன்வந்திருக்கிறார். மரச்செலவை மட்டும் வட்டம் ஏற்க வேண்டும்.

கடைசியாக, இரவல் புத்தகங்கள். டேவிசன் காலத்துப் புத்தகக் கடைக்காரர்கள் பலர் வாடகை நூலகம் நடத்தினார்கள். சந்தா கட்டாமல் ஒரு பக்கம்கூட வெளியே போகாது. நம் அலமாரிக்குப் பூட்டும் இல்லை, சந்தாவும் இல்லை. பதிவேட்டின்படி எட்டுப் புத்தகங்கள் திரும்பவில்லை. யார் யாரிடம் என்று எனக்குத் தெரியும். இங்கே படிக்கப் போவதில்லை. பங்குனி முடிவதற்குள் பையில் வைத்து அலமாரியருகே விட்டுச் செல்லவும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மீதிப் பசை இருக்கிறது.

பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

செயலாளர்