பொண்டே மீனும் நம் பிள்ளைகளின் ஓவியங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அடிலெய்டில் நடக்கும் நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பார் இந்தப் பருவம் மர்ரே காட் மீனைப் பற்றிப் படிக்கிறார்கள். மர்ரே ஆற்றின் முகத்துவாரப் பகுதிக்கு உரிய பூர்வகுடிகளான ஙாரிஞ்ஜெரி மக்கள் அதைப் பொண்டே என்பார்கள். அவர்களின் பெயரைப் பலகையில் எழுதியதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. 'ஙப்போல் வளை' தவிர ங-வில் தொடங்கும் சொல்லைப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

பொண்டேயைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையைப் பிள்ளைகளை வீட்டில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மர்ரே சிற்றோடையாக இருந்த காலத்தில் மூதாதை ஙுருண்டெரி ஓடமேறிப் பொண்டேயைத் துரத்துகிறார். மீன் வாலை அடித்த அடியில் ஆறு அகன்று, வளைவுகளும் சதுப்புகளும் உண்டாகின்றன. கடைசியில் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் மைத்துனர் நெப்பெலே ஈட்டியால் அதைக் குத்துகிறார். மீனைத் துண்டு துண்டாக அரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீனின் பெயர் சொல்லி நீரில் விடுகிறார்கள். எஞ்சிய துண்டிடம், நீ பொண்டேயாகவே இரு என்கிறார்கள்.

இதை வரைந்துவரச் சொன்னோம். வந்த படங்களில் பெரும்பாலானவை, புள்ளி புள்ளியாக வைத்து வரையும் புள்ளி ஓவியங்கள். அந்தப் பாணி ஆற்று மக்களுடையது அல்ல. 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் பாலைவனத்துப் பூர்வகுடிப் பெரியவர்கள் தம் சடங்கு வடிவங்களைப் பலகைகளில் தீட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அங்கே ஒவ்வொரு கதைக்கும், அதைத் தீட்டும் உரிமைக்கும் உடையவர்கள் உண்டு. ஙாரிஞ்ஜெரிப் பெண்களோ கரையோரக் கோரையைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பின்னிக் கூடையும் பாயும் செய்கிறார்கள். சென்ற ஆண்டு விழாவில் பிள்ளைகளின் புள்ளிப் படங்களுக்கு மேல் 'பூர்வகுடி ஓவியம்' என்று எழுதி மாட்டியது நான்தான். அது தவறு.

ஆகவே இம்முறை பிள்ளைகள் மீனையே பார்த்து, தங்கள் கையால் தங்கள் போக்கில் வரையட்டும்: பச்சை முதுகில் கரும்பச்சைத் திட்டுகள், வெளிறிய வயிறு, அகன்ற வாய். ஆளுயரம் வளரக்கூடிய மீன் அது. முட்டைகளைக் காப்பது தந்தை மீன். 2003இல் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 ஜனவரியில் மெனிண்டி ஊர் அருகே, மர்ரேயில் கலக்கும் டார்லிங் ஆற்றில் ஆக்சிஜன் இல்லாமல் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வயது முதிர்ந்த பெரிய காட் மீன்களும் அவற்றில் இருந்தன. செத்த மீன்களின் புகைப்படத்தைப் பார்த்த ஒரு சிறுமி, "இனி முட்டைகளை யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

வரைந்துவிட்ட படங்களை எறிந்துவிட வேண்டாம்; அவற்றையும் அடுத்த சனிக்கிழமை கொடுத்தனுப்புங்கள். புதிய படத்துக்கு வண்ணப் பென்சில் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்