ஒரே கதையை எத்தனை வாசலில் சொல்வாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வன்முறை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்கள் துணிந்து புகார் கொடுக்க முன்வர வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். துணிந்து போன பெண்களை எனக்குத் தெரியும். போன பிறகு அவர்கள் பட்ட அலைச்சலும் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கன்வாடிக்குக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். ஊசி போடும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இடது மணிக்கட்டின் உள்பக்கம் வரிசையாக நாலைந்து கீறல், காய்ந்தும் காயாமலும். “கெணத்தடில வழுக்கிருச்சுக்கா” என்றாள். வழுக்கி விழுந்தால் உள்ளங்கை சிராய்க்கும், முழங்கை சிராய்க்கும். அந்த இடம் அப்படிக் கிழிய வேண்டுமென்றால் கண்ணாடி வளையலோடு சேர்த்து யாரோ கையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வலது கையில் ஆறு வளையல் இருந்தது. இடது கையில் ஒன்றுகூட இல்லை.

சில மாதம் கழித்து அவளே புகார் கொடுக்கப் போனாள். காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்து, இருவரையும் உட்கார வைத்து, அனுசரித்துப் போகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பவும் அடி. அடிபட்டதற்கு ஆதாரம் கேட்டபோது ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கினாள். அதில் ‘தவறி விழுந்தது’ என்று இருந்தது. சிகிச்சைக்குப் போன அன்று கணவன் பக்கத்திலேயே நின்றிருந்தான், வேறெப்படிச் சொல்லியிருப்பாள்? சமூக நல அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். ஊரிலிருந்து காரைக்குடி வரை டவுன் பஸ், அங்கிருந்து சிவகங்கைக்கு இன்னொரு பஸ், இடுப்பில் பிள்ளை, அன்றைய கூலியும் போச்சு. அங்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலிடம் மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் கொடுத்த தாளை ஒரு மஞ்சப்பைக்குள் மடித்து மடித்து வைத்திருந்தாள். “எத்தனை பேருகிட்டக்கா இதையே சொல்றது, எனக்கே கூச்சமா இருக்கு” என்று என்னிடம் கேட்டாள். ஐந்தாவது வாசலுக்கு அவள் போகவில்லை. பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவளைப் பார்த்தவர்களில் யாரையும் நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. என் நோட்டில் கீறல் இருந்தது, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் விழுந்த காயம் இருந்தது, காவல் நிலையத்தில் சமாதானம் இருந்தது. மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை. எனக்கும் அதில் பங்கு உண்டு. நான் பார்த்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்தேன். நல்லெண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் (இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு நியமித்தவர்) தகவல் சொல்லலாம், அதற்காகச் சொன்னவர் மேல் வழக்கு வராது என்று 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். எனக்குத் தெரியவந்தது வெகு காலம் கழித்து.

சட்டத்தில் குறையில்லை. நீதிமன்றத்தில் மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. உதவிக்குக் கூப்பிட 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும் செய்யலாம். இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க அடிபட்ட பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாட்டன் கட்டிய வீடு, பத்துப் பங்காளிகளுக்குப் பாத்தியம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் எல்லாரும் இருப்பார்கள். ராத்திரிச் சத்தம் மட்டும் யார் காதிலும் விழாது. ஒற்றை அறை ஓட்டு வீட்டிலும் இதே கதைதான். “வீடு உன் புருஷன் பேருலயே இல்ல, எந்த உரிமையில இருக்கே?” என்று மருமகளைக் கேட்பார்கள். மாமனார், மாமியார் பேரில் உள்ள வீடானாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதை எந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

என் தங்கை மகள் இங்கிலாந்தில் ஒரு நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே போலீஸ், ஆஸ்பத்திரி, நகராட்சி, குழந்தைகள் நலப் பிரிவு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, உயிருக்கு ஆபத்துள்ள பெண்களைப் பற்றி ஒவ்வொரு பெயராகப் பேசுவார்களாம். வேல்ஸில் கார்டிஃப் நகரில் 2003இல் ஆரம்பித்த முறை. அந்தப் பெண் கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை. அவளுக்காகப் பேசவே ஒருவர் இருப்பார். பாதுகாப்பான தங்குமிடத்துக்கும் அங்குள்ள ஆதரவுக்கும் உள்ளாட்சிகளே பொறுப்பு என்று 2021இல் சட்டமும் வந்திருக்கிறது. “அடிபட்டவ செத்துப்போயிட்டா, எந்த ஆபீஸுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு எங்க எல்லாரையும் வச்சுக் கேப்பாங்க பெரியம்மா” என்றாள். எனக்கு அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாவட்டத்தின் பெரிய ஊர் இது. ஆனால் கையில் காயத்தோடு இருப்பவள் இன்னமும் சிவகங்கைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு நாள் மாநகராட்சியிலோ சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்திலோ பாதுகாப்பு அலுவலரும், அனைத்து மகளிர் காவல் நிலையமும், அரசு மருத்துவமனையும், சட்டப் பணிகள் குழுவும், எங்கள் துறை செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு அவள் கதையை ஒரு தடவை எழுதிக்கொண்டு, பிறகு தாள் நடக்கட்டும். அவள் நடக்க வேண்டாம். மருத்துவமனையில் கணவனை வெளியே நிறுத்திவிட்டு அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை. கிராம சபையில் யார் பெயரும் வரக்கூடாது. சுற்றுவட்டாரமே கூடியிருக்கும் இடத்தில் பெயர் வந்தால் அன்று ராத்திரியே அடி விழும். எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது என்ற கணக்கை மட்டும் ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வாசித்தால் போதும்.

ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. தலைவியாக இருந்த பெண்களில் சிலர் நள்ளிரவில் கதவு தட்டியவளுக்குத் தன் வீட்டில் பாய் விரித்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை அவளை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எனக்குத்தான் போன் செய்வார்கள். எனக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
காரைக்குடி வட்டம்.

(அந்தப் பெண்களின் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)